எண்ணாக எஞ்சிய சிப்பாய்: சிதம்பரம் – கடலூர்ப் போர்க்களங்களில் மடிந்தோர் பற்றிய பதிவுகள் (1781–1783)

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் மைசூர்ப் போரின்போது (1780–1784) சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கடலூர் ஆகிய ஊர்களில் நடைபெற்ற சண்டைகளில் மடிந்த சாதாரணச் சிப்பாய்கள் எவ்வகையில் பதிவாயினர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கடலூர் முற்றுகையின் நினைவில் நிலைத்த ஒரு பெயர், அம்முற்றுகையில் இடம்பெறாத ஒருவருடையது. களத்தில் மாண்ட சிப்பாய்களோ இழப்புப் பட்டியலில் எண்ணாகவே இடம்பெற்றனர். இவ்வேறுபாடு மறதியால் நேர்ந்தது என்பதைவிட, பதிவு செய்யும் முறையிலேயே அமைந்திருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

குறிச்சொற்கள்: சிப்பாய், கும்பினிப் படை, கடலூர் முற்றுகை, சிதம்பரம், இழப்புப் பட்டியல், நடுகல்

களத்தில் இல்லாதவரின் பெயர்

மார்க் வில்க்ஸ் என்னும் படை அதிகாரி எழுதிய மைசூர் வரலாறு 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் கடலூர் முற்றுகையைப் பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. 1783 ஜூன் 25 அன்று பிரெஞ்சுப் படையினர் கோட்டையிலிருந்து வெளிவந்து தாக்கியபோது இளம் பிரெஞ்சுச் சார்ஜெண்ட் ஒருவர் காயமுற்றுச் சிறைப்பட்டார். ஆங்கிலேயர் பக்கம் போரிட்ட ஹனோவர் நாட்டுப் படையின் தளபதி வாங்கன்ஹைம் அவருடைய தோற்றத்தாலும் நடத்தையாலும் கவரப்பட்டு, தம் கூடாரத்திலேயே வைத்து அவரை நலம்பெறச் செய்தார். ஆண்டுகள் பல கடந்து ஹனோவர் பிரெஞ்சுப் படையின் பிடியில் இருந்த காலத்தில், முதியவரான வாங்கன்ஹைமை அங்கு ஆட்சிப் பொறுப்பிலிருந்த பிரெஞ்சுத் தளபதி வரவேற்று, அன்று காப்பாற்றப்பட்ட சார்ஜெண்ட் தாமே என்று அறிவித்தார். அத்தளபதி பின்னாளில் சுவீடன் மன்னரான பெர்னதோத்.

படிப்பதற்கு இனிய கதை. பின்வந்த ஆங்கில நூல்கள் பலவற்றிலும் அது இடம்பெற்றது. ஆனால் பெர்னதோத்தின் படைப்பணிக் குறிப்புகளோடு அது பொருந்தவில்லை. 1763இல் போ நகரில் பிறந்த அவர் 1780இல் ரோயல் லா மரீன் என்னும் படைப்பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவு அவ்வாண்டுகளில் கார்சிகாத் தீவிலும் பிரான்சிலும் இருந்தது, இந்தியாவுக்கு வரவில்லை. அவர் சார்ஜெண்ட் பதவி பெற்றதும் 1785இல்தான். ஆகவே 1783இல் கடலூரில் காயமுற்ற சார்ஜெண்ட் எவராயினும் அவர் பெர்னதோத் ஆக இயலாது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தோர் இம்முடிவையே கொண்டுள்ளனர்.

இக்கதையை மறுப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. ஒரு கீழ்நிலைப் படைவீரன் வரலாற்று நூலில் பெயர்பெற வேண்டுமானால் அவன் பின்னாளில் அரசனாக வேண்டியிருந்தது என்பதையும் இக்கதை காட்டுகிறது. அதே நாளில் அதே அகழிகளில் பிரெஞ்சுக்காரரோடு துப்பாக்கிமுனைக் கத்தியால் பொருதி மாண்ட சிப்பாய்களைப் பற்றி வில்க்ஸ் புகழ்ந்தே எழுதுகிறார். அப்புகழ்ச்சி படைப்பிரிவுக்கு உரியது. அதற்கு மேல் ஆள் எவரும் அங்குத் தென்படுவதில்லை.

சிப்பாய் என்பவன்

சிப்பாய் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பட்டாளம் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்பர். கும்பினி ஆங்கிலத்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மூன்று சொற்களும் சோழமண்டலக் கரையில் மக்கள் வழக்காகிவிட்டன. சென்னைப் படையின் சிப்பாய்கள் தமிழ், தெலுங்கு நாட்டுப் பகுதிகளிலிருந்து சேர்க்கப்பட்டனர். முசுலிம்களும் பல்வேறு சாதிகளைச் சேர்ந்த இந்துக்களும் ஒரே பிரிவில் இருந்தனர். சிவப்பு மேற்சட்டை, முழங்காலுக்கு மேல் நிற்கும் சல்லடம், தலைப்பாகை, காலில் செருப்பு என்பது அவர்களுடைய கோலம். சம்பளத்துக்கு மேல் படையெடுப்புக் காலத்தில் ‘பத்தா’ என்னும் படிக்காசு உண்டு. அது உரிய காலத்தில் கைக்கு வந்ததா என்பது வேறு. ஐதர் அலி 1780 ஜூலையில் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்த பின் சென்னை அரசின் வருவாய் வற்றியது. சிப்பாய்களின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையானது. சிப்பாயின் மனைவி மக்கள் பெரும்பாலும் படைத்தளத்தை அடுத்தே வாழ்ந்தமையால் அந்நிலுவை நேரடியாக அடுப்படியைத் தொட்டது. 1782இல் சென்னையில் பஞ்சம் வந்தபோது அத்துயரம் உச்சத்தை அடைந்தது.

சிப்பாய்களைக் கும்பினிமீது பற்றுக்கொண்டோர் என்றோ, வெறும் கூலிக்கு உயிர்விட்டோர் என்றோ ஒரே சொல்லில் அடக்கும் போக்கு ஆய்வுலகில் இன்றும் உண்டு. 1780 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில், கப்பலேறிச் சென்னைக்கு வருமாறு பணிக்கப்பட்ட சிப்பாய்கள் மறுத்துக் கிளர்ந்து அதிகாரிகளைச் சுட்டனர். அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் 1762இல் கடல் கடந்து மணிலா சென்று போரிட்டிருந்தனர். இவ்விரண்டையும் ஒருசேர விளக்க எந்த ஒற்றைச் சொல்லும் போதாது.

இக்களங்களில் ஒரு தரப்பில் மட்டும் இந்நாட்டவர் இருந்தனர் என்று கருதுவதும் தவறாகும். பிரெஞ்சுப் படையில் சிப்பாய்ப் பிரிவுகள் இருந்தன. மைசூர்ப் படையில் முறையாகப் பயிற்றப்பட்ட காலாட்படை இருந்தது. கும்பினிப் படையிலிருந்து சிறைப்பட்டோருள் சிலரும் அதில் சேர்க்கப்பட்டனர். சிதம்பரத்திலும் கடலூரிலும் சிப்பாய் எதிர்கொண்ட பகைவனும் பெரும்பாலும் அவனைப் போன்ற ஒருவனே.

சிதம்பரம்: 1781 ஜூன் 18

சிதம்பரம் கோயில் போர்க்களமானது 1781இல் புதிதாக நேர்ந்ததன்று. 1749 முதற்கொண்டே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதன் உயர்ந்த வெளிமதிலை அரணாகப் பயன்படுத்தினர். 1760இல் அது பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஐதர் அலி காலத்தில் அவ்வரண் மேலும் வலுப்படுத்தப்பட்டு, உள்ளே தானியம் சேமிக்கப்பட்டது. தலைமைத் தளபதி அயர் கூட் சிதம்பரத்தை நாடியதற்கு அத்தானியமே முதன்மைக் காரணம். அவருடைய படை உணவுக்குக் கடல்வழியையே நம்பியிருந்தது. நாட்டுப்புறமோ ஐதரின் குதிரைப்படைவசம் இருந்தது.

கோயிலுள் சிறிய காவற்படையே உள்ளது என்னும் தவறான செய்தியை நம்பி, ஜூன் 18 அன்று இருள் சூழ்ந்த வேளையில் சிப்பாய்ப் பிரிவுகள் ஏவப்பட்டன. அவர்கள் ஊர்த்தெருக்களைக் கைப்பற்றி, வெளிவாயிலைத் தகர்த்து உட்புகுந்தனர். உள்வாயிலில் தடுக்கப்பட்டனர். உள்ளே இருந்த படை எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பெரிது. குறுகிய வழியில் முன்னே செல்லவும் இயலாமல், பின்னால் வருவோரால் திரும்பவும் இயலாமல் சிப்பாய்கள் மேலிருந்து பொழிந்த குண்டுகளுக்கு இரையாயினர். பெருத்த இழப்போடு தாக்குதல் கைவிடப்பட்டது. கூட் வெள்ளாற்றைக் கடந்து பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினார்.

இத்தோல்வி ஐதருக்கு ஊக்கமளித்தது. அவர் விரைந்து வந்து கூட்டின் படைக்கும் கடலூருக்கும் இடையில் அரண் அமைத்தார். அதன் விளைவே ஜூலை 1 அன்று நடந்த பரங்கிப்பேட்டைப் போர். ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையோடு கூட் பெற்ற அவ்வெற்றி சென்னையில் கும்பினி ஆட்சியைக் காத்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அதில் கும்பினிப் படையின் இழப்பு, மாண்டோரும் காயமுற்றோருமாக 306. மைசூர்த் தரப்பில் ஐதரின் உறவினரான மீர் அலி ரசா கான் உயிரிழந்தார். அவருடைய பெயர் இரு தரப்பு நூல்களிலும் உண்டு. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் குழலிசை அன்று கூட்டின் மனத்தைக் கவர்ந்தது. அப்பிரிவுக்கு வெள்ளிக் குழல் வாங்க அவர் 50 பவுன் அளித்த செய்தி இன்றளவும் அதன் வரலாற்றில் பேசப்படுகிறது. பதின்மூன்று நாள்களுக்கு முன் கோயில் வாயிலில் விழுந்தவர்களுக்கு இத்தகைய கதை எதுவும் வாய்க்கவில்லை. தோல்வியில் மாண்டோர் என்பதும் அதற்கு ஒரு காரணம்: வெற்றியை விளக்க எழுதுவோர் பெயர்களைத் தேடுவர், தோல்வியை விளக்க எழுதுவோர் தவறான உளவுச் செய்தியைத் தேடுவர்.

கடலூர்: 1783 ஜூன்

1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைக் கைப்பற்றின. 1783 மார்ச்சில் புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் வந்திறங்கி, கடலூரில் தலைமை ஏற்றார். இதற்குள் ஐதர் 1782 டிசம்பரில் மறைந்துவிட, திப்பு மலையாளக் கரைக்குச் சென்றிருந்தார். சையது சாகிபு தலைமையிலான மைசூர்ப் பிரிவே கடலூரில் எஞ்சியது. கூட்டும் 1783 ஏப்ரலில் சென்னையில் இறந்தார். ஆங்கிலேயப் படையை நடத்தும் பொறுப்பு, 1781 ஆகஸ்டுப் போரில் ஒரு காலை இழந்திருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம் வந்தது. அவர் ஜூன் முதல் வாரத்தில் கடலூரை அடைந்து, மேற்கிலுள்ள குன்றுகளைச் சுற்றிச் சென்று நகருக்குத் தெற்கே பாளையமிறங்கினார்.

ஜூன் 13 அன்று நடந்த தாக்குதல் அப்போரின் மிகக் கொடிய நாள்களுள் ஒன்று. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். அவ்விழப்பில் பெரும்பகுதி ஐரோப்பியப் பிரிவுகளுக்கு நேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சிப்பாய்களின் தியாகத்தை எழுதுவோர் சிலர் எல்லாக் களத்திலும் அவர்களே முன்னின்றனர் என்று காட்ட முற்படுவது சான்றுக்குப் பொருந்தாது. ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரேனும் எட்வர்டு ஹியூசும் மோதினர். ஹியூசு சென்னைக்குப் பின்வாங்கவே, முற்றுகையிட்டோர்க்குக் கடல்வழி உணவு தடைப்பட்டது. சுஃப்ரேன் தம் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 2,400 பேரைக் கரையிறக்கிப் புஸ்ஸிக்கு வலுவூட்டினார்.

ஜூன் 25 விடியலில் நடந்ததே சிப்பாய்களின் நாள். கோட்டையிலிருந்து வெளிப்பட்ட தேர்ந்த பிரெஞ்சு வீரர்களை முற்றுகை அகழிகளில் எதிர்கொண்டோருள் வங்காளச் சிப்பாய்களின் 24ஆம் படைப்பிரிவினரும் இருந்தனர். துப்பாக்கி சுடும் தொலைவு கடந்து, முனைக்கத்தியோடு முனைக்கத்தி மோதும் நெருக்கத்தில் ஐரோப்பியக் காலாட்படையைச் சிப்பாய்கள் எதிர்த்து நின்று முறியடித்தனர். பிரெஞ்சுத் தலைவர் தமா சிறைப்பட்டார். அதுவரை கும்பினி அதிகாரிகளிடையே, நெருங்கிய கைகலப்பில் சிப்பாய் ஐரோப்பியனுக்கு ஈடாகான் என்னும் எண்ணம் பரவலாக இருந்தது. கடலூர் நிகழ்ச்சி அதற்கு மறுப்பாகப் பின்னாளில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது.

இவ்வங்காளச் சிப்பாய்கள் கடலூரை அடைந்த வழி தனியே நோக்கத்தக்கது. கர்னல் பியர்சு தலைமையில் ஏறத்தாழ 5,000 பேர் 1781 தொடக்கத்தில் மிதுனாப்பூரிலிருந்து புறப்பட்டனர். கடற்பயணம் அவர்களுடைய சாதி ஒழுக்கத்துக்கு ஒவ்வாது என்பதால் கரையோரமாக நடந்தே வந்தனர். மார்ச்சு மாதம் கஞ்சம் பகுதியில் வாந்திபேதி தாக்கியது. ஒரே நாளில் 500 பேருக்கு மேல் மருத்துவக் கூடாரத்தில் சேர்க்கப்பட்டனர். மூன்றாம் நாளில் படையில் பாதிக்கு மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர். இந்தியாவில் வாந்திபேதி பரவலைப் பற்றிய தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்று நூல்கள் இதனைக் கூறுகின்றன. எஞ்சியோர் ஆகஸ்டில் கூட்டோடு சேர்ந்தனர். 1785இல் அப்படை வங்காளம் திரும்பியபோது புறப்பட்டவர்களில் 2,000 பேர் அளவே எஞ்சியிருந்தனர். களத்தில் வீழ்ந்தோரைவிட வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் மிகுதி என்பதையும் இப்படையின் பயணம் உணர்த்துகிறது.

இனி, இம்முற்றுகையின் மிகக் கொடிய செய்தி. பிரிட்டனும் பிரான்சும் முதனிலை அமைதி உடன்பாட்டில் 1783 ஜனவரி 20 அன்றே வெர்சாயில் ஒப்பமிட்டுவிட்டன. ஜூன் 13இல் கடலூரில் மாண்டோர், தம் அரசுகள் போரை முடித்துக்கொண்ட 144 நாள்களுக்குப் பின் மாண்டனர்; ஜூன் 25இல் மாண்டோர் 156 நாள்களுக்குப் பின் மாண்டனர். செய்தி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் வரவேண்டியிருந்தது. ஜூன் இறுதியில் வெள்ளைக்கொடியோடு மெடியா என்னும் கப்பல் கடலூருக்கு அப்பால் தோன்றியது. ஜூலைத் தொடக்கத்தில் சண்டை நின்றது. மைசூரோடு நடந்த போர் 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையால்தான் முடிந்தது என்பதால் சையது சாகிபின் வீரர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. ஆயினும் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளில் இருந்த சிப்பாய்களைப் பொறுத்தவரை, அவர்கள் ஒருவரையொருவர் கொன்ற அந்நாள்களில் அவர்களுடைய எசமானர்கள் சமாதானத்தில் இருந்தனர்.

பதிவு முறையும் இழப்பும்

கும்பினிப் படையின் இழப்புப் பட்டியல் ஒரு நிலையான வடிவம் கொண்டது. ஐரோப்பிய அதிகாரிகள் மாண்டாலும் காயமுற்றாலும் பெயர் சுட்டப்படுவர். ஐரோப்பியப் படைவீரர் எண்ணிக்கையில் வருவர். அடுத்துச் சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் எனப் பதவிவாரியாக இந்நாட்டவரின் தொகை வரும். வில்சன் 1882 முதல் 1889 வரை வெளியிட்ட சென்னைப் படை வரலாற்றில் இவ்வடிவமே பின்பற்றப்பட்டுள்ளது. சுபேதாரின் பெயர் தனிச்சிறப்புக்காக எப்போதாவது குறிக்கப்படும். சிப்பாய்க்கு அவ்வாய்ப்பு அரிது. மேலும் கடலூர் முற்றுகையைப் பற்றிய தாள்கள் மிகுந்திருப்பதற்கே ஒரு காரணம் அதிகாரிகளின் பூசல். ஸ்டூவர்ட்டைச் சென்னை ஆளுநர் மெக்கார்ட்டினி பதவி நீக்கிக் கைதுசெய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1786இல் இருவரும் இலண்டனில் துப்பாக்கியேந்தி இருவர் போரும் நிகழ்த்தினர். தோல்வி யாரால் என்னும் வழக்கில் இழப்பின் எண்ணிக்கை ஒரு சான்றாகப் பயன்பட்டது. அதற்கு எண் போதும், பெயர் வேண்டியதில்லை.

கல்லறைகளும் இதே நிலையைக் காட்டுகின்றன. 1905இல் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறை வாசக நூலில் தென்னார்க்காட்டுப் பகுதியும் இடம்பெறுகிறது; அதில் உள்ளோர் ஐரோப்பியரும் அவர்களைச் சார்ந்தோருமே. சிப்பாய்களின் உடல்கள் களத்திலேயே எரிக்கவோ புதைக்கவோ பட்டன.

இவ்விடத்தில் நடுகல் மரபை நினைக்காமல் இருக்க இயலாது. வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் முறைப்படுத்துகிறது. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் நூலில் உள்ள கல்வெட்டுகள், அரசனின் ஆட்சியாண்டு, ஆநிரை மீட்டல் போன்ற இறப்பின் காரணம், வீழ்ந்தவனின் பெயர் ஆகியவற்றைச் சில வரிகளில் தருகின்றன. பல்லவர் காலத்தில் ஒரு சிற்றூர்ப் பூசலில் மாண்டவனுக்குக் கிடைத்த இப்பதிவு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இரு பேரரசுகளுக்காக மாண்டவனுக்குக் கிடைக்கவில்லை. ஊரார் கல் நாட்டினர். அவர்களுக்கு வீரன் தெரிந்தவன். கும்பினியின் எழுத்தருக்கு அவன் சம்பளப் பட்டியலில் நீக்கப்படவேண்டிய ஓர் ஆள். முதல் உலகப் போருக்குப் பின் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில் பதிக்கப்பட்ட கற்பலகைகளிலும் இவ்வூரிலிருந்து சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் என்னும் எண்களே உள்ளன என்பது ஒப்புநோக்கத்தக்கது.

பதக்கம் வழங்கியதிலும் வேற்றுமை இருந்தது. 1784இல் வங்காள அரசு இப்போருக்கென ஒரு பதக்கம் ஏற்படுத்தியது. தக்காணப் பதக்கம் எனப்படும் அதில் பாரசீக வாசகம் பொறிக்கப்பட்டது. குசராத்திலும் கர்நாடகத்திலும் போரிட்ட வங்காளப் படையினருக்கு மட்டும் அது உரியதாயிற்று. சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் போரிட்ட சென்னைச் சிப்பாய்களுக்கு அது வழங்கப்படவில்லை. உயிரோடு மீண்டோருக்கே இந்நிலை.

மாண்டவனின் குடும்பத்தைப் பொறுத்தவரை, சென்னைப் படையில் ஒரு தனி வழக்கம் உருவானது. இறந்த சிப்பாயின் மகனைச் சிறுவயதிலேயே பட்டாளத்தில் சேர்த்துச் சிறு ஊதியம் அளித்து, ஆளானதும் துப்பாக்கி கொடுத்து வரிசையில் நிறுத்தினர். அவர்களுக்குப் ‘பென்சன் பையன்கள்’ என்று பெயர். இது அறச்செயலாகவும் ஆள்சேர்ப்பாகவும் ஒருங்கே அமைந்தது. சிப்பாயின் இறப்பு படைத்துறைக் கணக்கில் செலவாகத் தொடர்ந்த இடங்கள் இவையே: நிலுவைச் சம்பளம், குடும்ப உதவி, மகனின் சேர்க்கை. பணம் ஒருவர் கையில் கொடுக்கப்படும்போது பெயர் எழுதியாக வேண்டும். எனவே போர் அறிக்கைகளைவிட, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் படைத்துறை ஆலோசனைத் தொகுதிகளில் வரும் இத்தகைய கணக்குகளே சிப்பாயைத் தேடுவோர்க்கு உரிய இடம். அவற்றோடு, 1778 முதல் 1792 வரையிலான காலத்தைத் தமிழிலேயே பதிவுசெய்யும் புதுச்சேரி இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பையும் வைத்துப் படிக்கவேண்டும். ஆங்கிலேய அறிக்கைகள் படையை மேலிருந்து நோக்குகின்றன. இந்நாட்குறிப்பு அதே ஆண்டுகளை இக்கரையில் வாழ்ந்த ஒருவரின் கண்வழி நோக்குகிறது.